டார்கேனியன் திருட்டு கோச்சா? டியூக், யூசிஎல்ஏ நண்பர்கள் விடாமல் கேட்கும் கேள்விகள்

நான் முதுகலை படித்தது லாஸ் வேகாஸில், யு.என்.எல்.வி எனப்படும் நெவாடா பல்கலைக்கழகத்தில். நண்பர்களில் ஒருவன் டியூக் பல்கலைக்கழகம், இன்னொருவர் யூசிஎல்ஏ, அதாவது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். மார்ச் மாதம் கல்லூரிக் கூடைப்பந்து சூடு பிடித்ததும், எந்தப் பேச்சில் ஆரம்பித்தாலும் கடைசியில் "உங்க துண்டு கடிக்கிற திருட்டு கோச்" என்றுதான் வந்து நிற்கும். எங்கள் பயிற்சியாளர் டார்கேனியன் விதியை மீறி ஆள் பிடித்தார் என்று என்.சி.ஏ.ஏ சொன்ன பழைய குற்றச்சாட்டைத்தான் சொல்கிறார்கள். வருஷா வருஷம் அதே கேள்விகள், அதே பதில்கள். எனவே மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடுவேன்.

"முதல்ல யாருங்க இந்த டார்கேனியன்? பேரே கேள்விப்பட்டதில்லையே."

ஜெர்ரி டார்கேனியன். 1930-ல் ஓஹாயோ மாநிலம் யூக்ளிடில் பிறந்த ஆர்மீனியர் வீட்டுப் பிள்ளை. துருக்கியில் நடந்த இனப்படுகொலையில் தப்பி வந்தவர் அவருடைய அம்மா. பள்ளிக்கூட அணிகள், இரண்டாண்டுக் கல்லூரிகள் என்று அடிமட்டத்திலிருந்து ஏறி 1968-ல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் ஸ்டேட் பயிற்சியாளர் ஆனார். 1973 முதல் 1992 வரை யு.என்.எல்.வி. அந்த 19 ஆண்டுகளில் 509 வெற்றி, 105 தோல்வி. 1977, 1987, 1990, 1991 என்று நான்கு முறை ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் அரையிறுதி. 1990-ல் சாம்பியன்.

அந்த 1990 இறுதி ஆட்டத்தின் ஸ்கோரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: யு.என்.எல்.வி 103, டியூக் 73. இறுதி ஆட்டத்தில் நூறு புள்ளியைத் தாண்டிய அணி வேறு எதுவும் இல்லை. முப்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததும் வேறு யாரும் இல்லை. டியூக் நண்பனின் கோபத்துக்கு ஆதி காரணம் இதுதான் என்பது என் சொந்தக் கருத்து.

"அது என்ன என்.சி.ஏ.ஏ? கவர்ன்மென்ட் டிபார்ட்மென்ட்டா?"

இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட விளையாட்டுச் சங்கம். மாணவ வீரருக்கு ஸ்காலர்ஷிப் தவிர ஒரு பைசா கொடுக்கக்கூடாது, விமான டிக்கெட் எடுத்துத் தரக்கூடாது, இத்தனை முறைதான் நேரில் போய்ப் பார்க்கலாம் என்று புத்தகம் புத்தகமாக விதி போட்டு வைத்திருந்தது. விதி போடுவது, விசாரிப்பது, தண்டிப்பது மூன்றையும் அன்று அந்தச் சங்கமேதான் செய்தது.

அரசுத் துறையா, தனியார் சங்கமா என்பது சும்மா கேட்ட கேள்வி மாதிரி இருக்கும். பின்னால் டார்கேனியன் என்.சி.ஏ.ஏ-வோடு நடத்திய வழக்கின் தலையெழுத்தே அதில்தான் தொங்கியது. கோர்ட் பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

"அந்த ஆள் ஏன் எப்பப் பாத்தாலும் துண்டைக் கடிச்சிக்கிட்டே இருக்கார்?"

வாய் வறண்டுபோகும், அவ்வளவுதான். பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் புழுக்கமான ஓர் அரங்கில் முக்கியமான ஆட்டம். தண்ணீர் குடிக்க எழுந்து எழுந்து போய் அலுத்து, ஒரு துண்டை நனைத்து வாயில் வைத்துக்கொண்டார். அணி ஜெயித்தது. அப்புறம் விடுவாரா?

"காசு கொடுத்து ஆள் பிடிச்சவர்தானே? இதுல என்ன பெரிய விவாதம்?"

1977-ல் என்.சி.ஏ.ஏ யு.என்.எல்.வி மீது 38 விதிமீறல்களைச் சொன்னது. அதில் 10 டார்கேனியன் பேரில். அணிக்கு இரண்டு வருடத் தண்டனை. கூடவே, இவரை இரண்டு வருடம் பணியிலிருந்து விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் தண்டனையை ஏன் கூட்டக்கூடாது என்று விளக்கம் சொல்லுங்கள் என்றும் பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது. இந்த எண்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பத்தும் எப்படி நிரூபிக்கப்பட்டன என்று யாரும் கேட்பதில்லை.

விசாரணை அதிகாரிகள் ஆட்களிடம் பேசிவிட்டு வந்து, "இன்னார் என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று குழுவின் முன் சொன்னார்கள். சொன்னவரை நேரில் கொண்டுவந்து குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. பல்கலைக்கழகம் தன் பங்குக்கு விசாரித்து, பல குற்றச்சாட்டுகளுக்கு எதிராகச் சத்தியப் பிரமாணங்களை வாங்கிக் கொடுத்தது. பலன் இல்லை. கடைசியில் பல்கலைக்கழகத் தலைவர் முன்னால் மூன்று வழிகள் வைக்கப்பட்டன: தண்டனையை மறுத்து இன்னும் பெரிய தண்டனைக்குத் தயாராவது, என்.சி.ஏ.ஏ-வை விட்டே வெளியேறுவது, அல்லது என்.சி.ஏ.ஏ செய்தது தவறு என்று நம்பிக்கொண்டே டார்கேனியனை விலக்குவது. தலைவர் விலக்குவதைத் தேர்ந்தெடுத்தார். இது நான் சொல்லும் கதை இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தவறு என்று தெரிந்தே ஒருவர் வேலையைப் பறிக்க ஒரு பல்கலைக்கழகம் தயாரானது என்றால், பயம் எந்த அளவில் இருந்திருக்க வேண்டும்!

அவர் ஒரு விதியையும் மீறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் பெரிய அணி எதையாவது நடத்திக்கொண்டு அந்தப் புத்தகத்தை வரிக்கு வரி கடைப்பிடித்த பயிற்சியாளரைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

"நெருப்பில்லாம புகையுமா? போன இடமெல்லாம் பிரச்சினையாமே?"

லாங் பீச், யு.என்.எல்.வி, ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்று மூன்று கல்லூரிகளும் தண்டனை வாங்கின. உண்மை. ஃப்ரெஸ்னோவைத் தனியாகப் பேசுவோம்.

லாங் பீச்சில் இருந்தபோது உள்ளூர் நாளிதழில் அவர் பத்தி எழுதினார். வெஸ்டர்ன் கென்டக்கி மாதிரி சின்னக் கல்லூரிகளை என்.சி.ஏ.ஏ துரத்துகிறது, பக்கத்திலேயே இருக்கும் பெரிய கென்டக்கிப் பல்கலைக்கழகத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று 1970-களின் தொடக்கத்திலேயே பேர் போட்டு எழுதிவிட்டார். ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பவரை அவர் முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட மாதிரி. பிறகு லாங் பீச் மீது விசாரணை வந்து 1974 ஜனவரியில் தண்டனையும் வந்தது. அதற்குள் அவர் வேகாஸ் போய்விட்டார். கட்டுரைதான் காரணம் என்று சாட்சியோடு என்னால் நிரூபிக்க முடியாது. அவர் சாகும்வரை அப்படித்தான் நம்பினார், நானும் நம்புகிறேன்.

இன்னொன்று. யு.என்.எல்.வி மீதான முதல்கட்ட விசாரணை 1972 நவம்பரில் தொடங்கியது. அவர் அங்கே சேர்ந்தது 1973-ல். புகை கிளம்பிய பிறகுதான் ஆள் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறார்.

"சுப்ரீம் கோர்ட்லயே தோத்துட்டாரே, அப்புறம் என்ன?"

தோற்றார். 1988 டிசம்பர், ஐந்துக்கு நான்கு. ஆனால் எந்தக் கேள்வியில் தோற்றார் என்று பாருங்கள். டார்கேனியன் தப்பு செய்தாரா என்று கோர்ட் விசாரிக்கவே இல்லை. என்.சி.ஏ.ஏ அரசைப் போலச் செயல்படும் அமைப்பா, அரசியலமைப்பு சொல்லும் முறையான விசாரணை உரிமை அதற்கும் பொருந்துமா என்பது மட்டும்தான் கேள்வி. தனியார் சங்கம், பொருந்தாது என்றார்கள் ஐந்து பேர். பொருந்தும் என்று மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவரே ஒரு காலத்தில் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய நட்சத்திரம். அந்த ஒரு தகவலுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தவர் டார்கேனியன்தான். 1977-லேயே நெவாடா நீதிமன்றம் அவரை விலக்கத் தடை போட்டது. அதனால்தான் வழக்கு நடந்த பதினொரு வருடமும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். 1988 தீர்ப்புக்குப் பிறகும் பல்கலைக்கழகத்தின் மீதிருந்த தடை விலகவில்லை. கோபம் தணியாத என்.சி.ஏ.ஏ என்ன செய்தது? 1990 ஏப்ரலில் அணி கோப்பை வாங்கியது. ஜூலையில், அந்தப் பழைய 1977 கணக்குக்காக, 1991 தேசியப் போட்டியில் ஆடத் தடை! 1977-ல் அந்த வீரர்கள் பள்ளிக்கூடம் போகிற பொடியன்கள். ஊரே கொதித்த பிறகு ஒரு சமரசம் வந்தது: 1991-ல் ஆடலாம், 1992-ல் கூடாது.

"2.5 மில்லியன் வாங்கினா யோக்கியன்னு அர்த்தமா? செட்டில்மென்ட்தானே?"

சரியான கேள்வி. 1992-ல் அவர் என்.சி.ஏ.ஏ மீது மறுபடி வழக்குப் போட்டார், என்னைத் துரத்தித் துரத்தி வேலையிலிருந்து விரட்டினீர்கள் என்று. 1998-ல் என்.சி.ஏ.ஏ 25 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. தவறு செய்தோம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எனவே சட்டப்படி இது நிரபராதிச் சான்றிதழ் கிடையாது. எங்கள் ஆட்கள் அப்படிச் சொன்னால் நானே திருத்துவேன்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கையில் உறுதியான ஆதாரம் வைத்திருக்கும் சங்கம், பணத்துக்கும் வக்கீலுக்கும் பஞ்சமில்லாத சங்கம், இருபத்தைந்து வருடம் 'இவன் ஏமாற்றுக்காரன்' என்று சொல்லிவிட்டு, ஜூரி முன்னால் அதைச் சொல்லவேண்டிய நேரத்தில் செக் எழுதுமா?

"எங்க யூசிஎல்ஏ-வை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? ஜான் வுடன் தெய்வம்."

அவர்களுடைய பழைய பயிற்சியாளர் வுடன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு வருடத்தில் பத்துப் பட்டம், சும்மா வருமா? நான் சொல்வது அணியைச் சுற்றி வளைய வந்த சாம் கில்பர்ட் என்ற பணக்காரக் கட்டடக் கான்ட்ராக்டரைப் பற்றி. வீரர்களுக்கு அவர் செய்த உதவிகள் அந்த ஊரில் பலருக்கும் தெரிந்த சங்கதி. என்.சி.ஏ.ஏ யூசிஎல்ஏ மீது நடவடிக்கை எடுத்தது எப்போது? 1981-ல். வுடன் ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து. பறிபோனது 1980-ல் இறுதி ஆட்டம் வரை போன பெருமை மட்டும். அந்தப் பத்துப் பட்டங்களில் ஒன்றின் மேலும் கை படவில்லை.

1971-ல் இதே யூசிஎல்ஏ-வை லாங் பீச் ஸ்டேட் கிட்டத்தட்ட வீட்டுக்கு அனுப்பியிருக்கும். இரண்டாம் பாதியில் 11 புள்ளி முன்னிலை, கடைசியில் 57-55 என்று தோல்வி. வழிபாட்டுக்குரிய அணியை மிரட்டிய சின்னக் கல்லூரி மூன்று வருடத்துக்குள் தண்டனை வாங்கியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

டியூக் நண்பன் இந்த இடத்தில் சிரிப்பான். அவனுக்கும் ஒன்று இருக்கிறது. 2009 டிசம்பரில் டியூக் வீரர் லான்ஸ் தாமஸ் ஒரு நகைக்கடையில் கிட்டத்தட்ட 98,000 டாலருக்கு நகை வாங்கினார். முன்பணம் 30,000, மீதி கடன். பாக்கி வரவில்லை என்று கடைக்காரர் வழக்குப் போட்டபோதுதான் வெளியே தெரிந்தது. நகை வாங்கிய சில மாதத்தில் அணி சாம்பியன். விதிமீறலுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2013-ல் என்.சி.ஏ.ஏ கோப்பை மூடிவிட்டது. ஆதாரம் இல்லையென்றால் விடவேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. அதே நியாயத்தை 1977-ல் வேகாஸுக்கும் கொடுத்திருக்கலாமே?

"அந்த ஹாட் டப் ஃபோட்டோவுக்கு என்ன சொல்வே?"

இதற்கு மழுப்ப மாட்டேன். 1991 மே 26 அன்று லாஸ் வேகாஸ் ரிவ்யூ-ஜர்னலில் ஒரு படம் வந்தது. 1990 சாம்பியன் அணியின் மோசஸ் ஸ்கரி, டேவிட் பட்லர், ஆண்டர்சன் ஹன்ட் மூவரும் ஒரு வீட்டின் வெந்நீர்த் தொட்டியில், ரிச்சர்ட் பெரி என்பவரோடு. பெரி யார்? பாஸ்டன் காலேஜ் வீரர்களை வைத்துச் சூதாட்டத்துக்காக நடந்த ஆட்டப் புள்ளி மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர். பட்டப்பெயரே 'ஃபிக்சர்'. ஜூன் மாதம், அடுத்த சீசனோடு விலகுகிறேன் என்று டார்கேனியன் அறிவித்தார்.

சூதாட்ட நகரத்தில் அணி நடத்துகிறவர், பையன்கள் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று மற்ற கோச்சுகளைவிடப் பத்து மடங்கு கவனித்திருக்க வேண்டும். பெரியிடம் போகாதீர்கள் என்று எச்சரித்ததாக அவர் சொன்னார். பையன்கள் கேட்கவில்லை, அவரும் விடாமல் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. இந்தப் பழி அவருக்குச் சேரவேண்டியதுதான்.

"அப்போ 91-ல டியூக்கிட்ட வேணும்னேதான் தோத்தாங்க, ஒத்துக்கோ."

இதைச் சொல்வது டியூக் ஆளாக இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். உங்கள் அணியின் மிகப் பெரிய வெற்றியை நீங்களே பொய் என்கிறீர்கள்!

முந்தைய சீசனையும் சேர்த்து 45 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, அந்த சீசனில் 34-0 என்று வந்த அணி அரையிறுதியில் 79-77 என்று தோற்றது. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். கிட்டத்தட்ட நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது, அணியை ஓட்டிக்கொண்டிருந்த கிரெக் ஆன்டனி ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினார். 76-71 என்று முன்னிலை இருந்தபோது பாபி ஹர்லி ஒரு மூன்று புள்ளி போட்டார். கடைசியில் கிறிஸ்டியன் லெய்ட்னர் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டார். சீசன் முழுக்கப் பெரும்பாலான அணிகளை இருபது, முப்பது புள்ளியில் அடித்த அணிக்கு நெருக்கமான ஆட்டத்தை முடிக்கும் பழக்கமே இல்லை. வேண்டுமென்றே தோற்றார்கள் என்பதற்கு இன்றுவரை எந்த ஆதாரமும் வந்ததில்லை. போன பதிலில் வந்த ஃபோட்டோவையும் இந்தத் தோல்வியையும் ஒட்டுப்போட்டுக் கதை கட்டிவிட்டார்கள்.

"எழுதப் படிக்கத் தெரியாத பையனையெல்லாம் காலேஜ்ல சேத்தாரே, அது நியாயமா?"

லாயிட் டேனியல்ஸ். நியூ யார்க் தெரு மைதானங்களில் கொடிகட்டிப் பறந்தவர், பள்ளி முடிக்கவில்லை, வாசிப்பு மிகச் சுமார். யு.என்.எல்.வி அழைத்து வந்தது, ஓர் உதவிப் பயிற்சியாளர் சட்டப்படி அவருக்குப் பாதுகாவலரே ஆனார். 1987-ல் போதைப்பொருள் வாங்கும்போது போலீஸ் பிடித்தது. யு.என்.எல்.வி சட்டையில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இந்த விவகாரத்தை ஒட்டி வந்த தண்டனை 1993-ல், டார்கேனியன் போன பிறகு, பல்கலைக்கழகத்தின் தலையில் விழுந்தது.

பேராசைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதே டேனியல்ஸை 1992-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனபோதும் டார்கேனியன் கூட்டிக்கொண்டார், என்.பி.ஏ-வில் ஆடவைத்தார். இருபதே ஆட்டத்தில் டார்கேனியனையே வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்பது வேறு கதை. வேறு யாரும் கதவைத் திறக்காத பையன்களுக்குக் கதவைத் திறப்பது அவர் இயல்பு. அதில் சிலர் வீட்டையே கொளுத்திவிட்டார்கள்.

"சரி, பசங்க டிகிரியாவது வாங்கினாங்களா?"

நிறையப் பேர் வாங்கவில்லை. இந்த விஷயத்தில் டியூக் நண்பன் சொல்வது சரி. இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை எடுத்தால் பட்டம் வாங்கும் கணக்கு குறையும் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் அது பாதிச் சமாதானம்தான்.

"ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டுக்கும் ஒரு கதை வச்சிருப்பியே?"

இல்லை. 1995 முதல் 2002 வரை தான் படித்த கல்லூரியான ஃப்ரெஸ்னோவில் பயிற்சியாளராக இருந்தார். வீரர்கள் போலீஸ் கேஸ், போதை என்று வரிசையாக மாட்டினார்கள். வீரர்களுக்காக வேறொருவர் பாடக் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தது வெளியே வந்தது. 2003-ல் தண்டனை, வெற்றிகள் பறிப்பு. வயதாகிவிட்டது, பிடி தளர்ந்துவிட்டது. 1997-ல் ரிட்டயர் ஆகியிருக்கலாம் என்று நானே பலமுறை நினைத்திருக்கிறேன்.

"நல்ல ஆளுங்க கிடைச்சா யார் வேணா ஜெயிக்கலாம். கோச்சிங்னு என்ன செஞ்சார்?"

1990 அணியில் லாரி ஜான்சன், ஸ்டேசி ஆக்மன், கிரெக் ஆன்டனி. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அணியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது பாதுகாப்பு ஆட்டம். 'அமீபா' என்று பேர் வைத்த ஒரு முறை. பந்து எங்கே போகிறதோ அங்கே வடிவம் மாறி மாறிச் சூழ்ந்துகொள்ளும். எதிரணி பந்தைக் கோட்டைவிடும், அடுத்த மூச்சில் இவர்கள் மறுமுனையில் இருப்பார்கள். பயிற்சியில் உயிர் எடுப்பார் என்று ஆடியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கிரெக் ஆன்டனி 1990-ல் உடைந்த தாடையோடு ஆடினார். சோம்பேறி கோச்சுக்காக எவனும் அப்படி ஆடமாட்டான். ஜான்சன், ஆக்மன் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பே, லாங் பீச்சில் ஐந்து வருடத்தில் 122 வெற்றி, 20 தோல்வி.

"இப்போதான் எல்லாப் பசங்களும் வெளிப்படையா காசு வாங்குறாங்களே. அதுக்காக அவர் செஞ்சது சரியாயிடுமா?"

ஆகாது. அன்றைய விதி அன்றைய விதி. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை. அதற்காக அன்று விதியை மீறி டிக்கெட் எடுத்துக் கொடுத்தது சரியாகிவிடாது.

மாறியது வேறு. அவர் பேரை வைத்துத்தான் விசாரணை முறையைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 1978-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே உட்கார்ந்து என்.சி.ஏ.ஏ-வின் விசாரணைகளைக் கேள்வி கேட்டது. 1991-ல் நெவாடா ஒரு சட்டமே போட்டது, அது பிறகு மேல்கோர்ட்டில் அடிபட்டது. அதே ஆண்டு என்.சி.ஏ.ஏ தானே அமைத்த ஒரு குழு, சாட்சிகளிடம் பேசுவதை டேப்பில் பதிவு செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. 1977-ல் இதைச் செய்திருந்தால், 'இன்னார் என்னிடம் சொன்னார்' வேலைக்காகியிருக்காது.

"நீ டியூக்ல படிச்சிருந்தா இப்படிப் பேசுவியா?"

மாட்டேன். நானும் ஹாட் டப் ஃபோட்டோவைத்தான் அனுப்பிக்கொண்டிருப்பேன்.

டார்கேனியன் 2013-ல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கூடைப்பந்து மேதைகளின் கௌரவப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2015 பிப்ரவரி 11 அன்று இறந்தார். ஒரு வாரம் கழித்து லாஸ் வேகாஸ் ஸ்ட்ரிப்பில் கசினோக்கள் விளக்கைத் தணித்து அஞ்சலி செய்தன. யு.என்.எல்.வி-யின் தாமஸ் அண்ட் மேக் அரங்கத்துக்கு வெளியே துண்டைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது, பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. டியூக் நண்பன் வேகாஸ் வந்தபோது கூட்டிப்போனேன். வழியெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கும் கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான். அங்கே போனதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் கைக்குட்டையை வாங்கிக் கடித்துக்கொண்டு, "எடுடா ஃபோட்டோ" என்றான்.